வியப்பு பக்தியாகுமா?

திருமலையில் பாறையில் வடித்த 16 அடி நேமிநாதரைத் தரிசிக்க நாம் அழைத்துச் செல்லும் ஆம்பூர்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது உயரத்தையே. சிரவணபெளகொளாவில், சாவுண்டராயர் கி.பி. 981 அளவில் செய்வித்த 57 அடி பாகுபலியின் முன்னும் அப்படியே. பெரியவர்களிலும் சிலர் திகம்பரத் திருமேனி கண்டு நாணித் தலை தாழ்த்துவர். குறை கூறோம், கல் மனிதனாகவே தோன்றுவதால் எழும் கூச்சம் அது.

'எத்துணைப் பெரியது!' என்னும் வியப்போ எளிதில் 'எங்களுடையது' என்னும் செருக்காகிவிடும். சற்று நின்று நோக்கினால், தொடையிலும் தோளிலும் கொடி படர்ந்திருப்பது புலனாகும். ஓர் இலையையும் கிள்ளி எறியாத உடல் அது. தோல் பதனிடும் ஊர்களிடையே வாழும் நமக்கு உயரத்தினும் அக்கொடியே அச்சமூட்டுகிறது. மலையடிவாரத்தில் கழற்றி வைத்த காலணி எந்த உயிரின் தோல் என்று, இறங்கி வந்து மாட்டும்போது எத்தனை பேர் எண்ணுகிறோம்?