மதிப்பும் கூலியும்

உழைப்பவனுக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்பர் சிலர். இன்சொல்லே பெரிது, அன்பாகப் பேசினால் குறைந்த கூலிக்கும் மனநிறைவோடு உழைப்பான் என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு; முழு உண்மை எதிலும் இல்லை.

இவ்வினாவை ஆராய, மலேசியத் தமிழர் நன்கறிந்த ரப்பர்த் தோட்டமே போதும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் எண்ணப்பட்டனர். வந்தவர் எத்தனை பேர், வராதவர் எத்தனை பேர் என்று கணக்கெழுதப்பட்டது. எண்ணப்படுதல் வேறு, மதிக்கப்படுதல் வேறு. அங்கே எண்ணாக நின்றவரின் கைத்திறனோ மிக நுட்பமானது. பால்மரத்தில் பால் ஓடும் குழல்கள் பட்டையின் உட்பகுதியில்தான் மிகுதி. அதற்கும் உள்ளே பட்டையைப் புதுப்பிக்கும் மெல்லிய வளர்திசு உள்ளது. கத்தி மேலோடு சென்றால் பால் குறையும்; ஆழ்ந்து சென்றால் வளர்திசு காயமுறும். காயம்பட்ட இடத்தில் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, மீண்டும் சீவுவதற்கு உதவாது போகும். இடையில் விட வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். இருள் பிரியாத வேளையில், மரத்துக்கு மரம் அவ்வளவைக் கண்டறிந்தது தொழிலாளியின் கை. தோட்டத்தின் செல்வமே அந்தக் கையில் இருந்தது. ஆயினும் அத்திறன் 'கூலியாள்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டது.

மழை பெய்தால் மரம் சீவ இயலாது. சீவாத நாளில் வருவாய் குறையும். அந்த நிலையில் இன்சொல் அடுப்பை எரிக்குமா? 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 2013ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்ததும் உணர்த்தும் உண்மை ஒன்றே. நியாயமான ஊதியம் கொடையன்று, உரிமை. பசித்தவனைப் புகழ்வது மதிப்பன்று, ஏளனம்.

அவ்வாறாயின் ஊதியமே மதிப்பாகுமா? ஆகாது. ஊதியம் முதற்படி மட்டுமே. ஒருவனுடைய அறிவை நம்பிப் பொறுப்பளிப்பதும், அவன் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் அடுத்த படிகள். திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரம், தகுதியறிந்து ஒருவனிடம் செயலை ஒப்படைத்தபின் அவனையே அதற்கு உரியவனாக்குதல் வேண்டும் என்னும் நெறியை வற்புறுத்துகிறது.

இவ்வளவு இடங்கொடுத்தால் கட்டுப்பாடு குலையாதோ என்று அஞ்சுவோர் உண்டு. கத்தி தவறி மரம் காயப்பட்டதாகக் கொள்வோம். வசைக்கு அஞ்சுபவன் அதை மறைப்பான். மறுநாளும் அவ்வாறே சீவுவான். தன் சொல் மதிக்கப்படும் என்றறிந்தவன் தானே வந்து சொல்வான், கத்தியைத் தீட்டிக்கொள்வான். அச்சம் தவற்றை ஒளிக்கிறது. மதிப்போ தவற்றைத் திருத்துகிறது. எனவே மதிப்பு கட்டுப்பாட்டின் பகையன்று, அதன் வேர்.

பால்மரங்கள் நின்ற நிலங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் பெரட்டுக்களத்து மனப்பான்மை அலுவலகத்திலும் பள்ளியிலும் வாழக்கூடும். ஆசிரியர் கூட்டத்தில் முடிவை முன்பே எழுதிவைத்துக்கொண்டு கருத்துக் கேட்பதும், புதிதாக வந்த ஆசிரியரை வாய் திறக்க விடாததும், தோட்டக்காரரைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'ஏய்' என்று கூப்பிடுவதும் அதன் எச்சங்களே. ஆண்டுக்கொரு நாள் மாலை அணிவித்துப் பாராட்டுவதால் இக்குறை நீங்காது. நாள்தோறும் காட்டும் ஒழுக்கமே பணியிடத்தின் பண்பாடு ஆகிறது.

மாணவரும் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். மனிதரை மதிக்கும் பாடம் நூலில் தொடங்குவதில்லை. வகுப்பறையைப் பெருக்குபவரிடம் ஆசிரியர் பேசும் முதற்சொல்லில் தொடங்குகிறது. கூலி உடலைக் காக்கும். மதிப்பு உள்ளத்தைக் காக்கும். இரண்டையும் ஒருங்கே அளிப்பதே அறம்.