இருபத்தைந்து சொற்களில் வாய்மை

தன் குழந்தையின் மனம் நோகாதிருக்கும் பொருட்டுத் தன் துன்பத்தை மறைத்து, ‘நலமாயிருக்கிறோம்’ என்று எழுதும் தாய் பொய்யுரைத்தவள் ஆவாளா? வாய்மையைப் போற்றும் நாம் இவ்வினாவை எளிதில் கடந்து செல்லலாகாது. இதனை ஆராய, ஐரோப்பிய யூத மக்களின் வரலாற்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம்.

1938-ஆம் ஆண்டு நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில், நாஜிகள் ஆண்ட ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் தொழுகை இல்லங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, ஏறத்தாழ 30,000 ஆடவர் சிறைமுகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். இதன்பின் பிரிட்டிஷ் அரசாங்கம், பதினேழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெற்றோரின்றி ஏற்றுக்கொள்ள இசைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் முதற்கூட்டத்தார் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கினர். 1939 செப்டம்பரில் போர் மூளுமுன் பெர்லின், வியன்னா, பிராக் முதலிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு சென்றனர். ‘விரைவில் நாங்களும் வந்து சேர்வோம்’ என்று சொல்லியே பெற்றோர் பலர் ரயிலடியில் விடை கொடுத்தனர்.

போர் மூண்டதும் இரு நாடுகளுக்குமிடையே நேர்த் தபால் நின்றது. நடுநிலை நாடுகளில் உறவினர் இருந்தோர் அவர் வழியாக எழுதினர். ஏனையோருக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அச்சிட்ட தாளே துணையாயிற்று. அதில் 25 சொற்களுக்கு மேல் எழுதலாகாது; குடும்பச் செய்தியன்றிப் பிறிதொன்றும் கூடாது. தணிக்கையாளர் பார்வைக்குட்பட்டு, ஜெனீவா வழியாக அது போய்ச் சேர மாதக்கணக்காகும். விடையையும் அத்தாளின் பின்புறத்திலேயே எழுதியனுப்புதல் வேண்டும்.

அச்சில சொற்களில் பெற்றோர் எழுதியது யாது? நலமாயிருக்கிறோம், கவலைப்படாதே, நன்றாகப் படி, உன்னை வளர்ப்போரிடம் நன்றியோடிரு, அடிக்கடி எழுது. எழுதிய கைகளோ தொழிலையும் வீட்டையும் இழந்த கைகள். 1941 அக்டோபர் முதல் ஜெர்மனியிலிருந்து யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கிழக்கே கொண்டுபோகப்பட்டனர். ‘பயணம் புறப்படுகிறோம்’ என்ற அளவில் முடிந்த தாள்கள் உண்டு. அதன்பின் அவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நிகழ்ந்ததற்கு மாறாகச் சொல்வதே பொய் எனின், இவையும் பொய்யே என்பார் உளர். ஆயின், பொய்யன் தன் நலத்துக்காகப் பிறரை ஏய்க்கிறான். இப்பெற்றோர் அடைந்த நலம் ஒன்றுமில்லை. உண்மையை எழுதினால் தாளே போய்ச் சேராதென்ற நிலையை உண்டாக்கியவன் கொடுங்கோலன். ஆகலின், மறைத்ததன் பழி அவனையே சாரும்.

எனினும் ஆராய்ச்சியை இங்கே நிறுத்தலாகாது. மறைப்பு தீங்கற்றதன்று. பெற்றோர் நலமென நம்பிய பிள்ளைகளுள் சிலர் விளையாட்டு நினைவில் விடையெழுதாதிருந்தனர். சிலர் ‘நம்மைக் கைவிட்டனர்’ என்று உள்ளூறக் கசந்தனர். இளஞ்சிறார் தாய்மொழியையே மறந்து, வந்த தாளைப் படிக்க மாட்டாராயினர். போர் முடிந்தபின் உண்மையறிந்தபோது அவர்கள் பட்ட வேதனை முதுமைவரை நீங்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். போருக்கு முன், தபால் ஓடிய நாளில், இப்பெற்றோருள் பலர் தம் இடர்ப்பாட்டை மறைக்கவில்லை. ‘எங்களுக்கு அங்கே வீட்டுவேலையேனும் தேடு, அனுமதி கிடைக்கும்’ என்று எழுதினர். பிள்ளைகளும் அந்நிய ஊரில் வீடு வீடாகச் சென்று கேட்டனர். சிலர் வெற்றியும் பெற்றனர். போர் வழியை அடைத்த பின்னரே உண்மை மறைக்கப்பட்டது. பிள்ளையால் ஏதேனும் செய்ய இயன்ற நாளில் உண்மை சொன்னார்கள். ஒன்றும் செய்ய இயலாத நாளில் அதன் பாரத்தைத் தாமே சுமந்தார்கள்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இது: ‘பிறர் நலத்துக்காகவே மறைத்தேன்’ என்று சொல்லுமுன், அவ்வுண்மையைக் கொண்டு அவர் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். உண்டெனின், மறைப்பது அன்பாகாது. அவர் கையிலிருந்த கருவியைப் பறித்ததாகும். நோயை மனைவியிடம் ஒளிக்கும் கணவனும், கடனை வளர்ந்த மகனிடம் ஒளிக்கும் தந்தையும் இப்பெற்றோரைச் சான்று காட்ட இயலாது. அவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. 25 சொற்கள் என்ற வரம்பும் இல்லை.

உண்மை கேட்போனுக்குப் பயன்படும் நாளிலேயே அதனைச் சொல்லுங்கள்.