ஒப்பமும் மறுப்பும்

லூர்து அன்னையின் திருத்தலத்திலிருந்து திரும்பும் வழியில், பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோன்தேன்புளோ அரண்மனையைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பிரெஞ்சு மன்னர்கள் வேட்டைக்கு வந்து தங்கிய இல்லம் அது. சுற்றிலும் கருவாலி மரங்களும் பைன் மரங்களும் பெரும் மணற்பாறைகளும் நிறைந்த காடு. மன்னரின் வேட்டைக்கென்று காக்கப்பட்ட அக்காட்டில் இன்று எவரும் நடக்கலாம்.

அங்கேதான் 1804 நவம்பர் 25 அன்று நெப்போலியன் திருத்தந்தை ஏழாம் பயசை முதன்முறை சந்தித்தார். தமது முடிசூட்டு விழாவுக்கு உரோமையிலிருந்து வந்தவரை முறைப்படி எதிர்கொள்வது தம் பெருமைக்கு இழுக்கு என்று கருதினார் போலும். வேட்டை உடையில், தற்செயலாக எதிர்ப்பட்டவர்போல் வந்து நின்றார்.

அதே திருத்தந்தை 1809 ஜூலையில் கைது செய்யப்பட்டார். 1812 ஜூனில் இவ்வரண்மனைக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டார். அவர் தங்கிய அறைகளை இன்றும் காட்டுகிறார்கள். பட்டு விரிப்புகளும் பொன் பூச்சும் சிறையைச் சிறையல்லாததாக்கிவிடுமா? ஆலோசகர்கள் பிரிக்கப்பட்டு, நோயால் நலிந்து, பேரரசரே நேரில் வந்து நாள்கணக்கில் வற்புறுத்தியபின், எழுபது வயது முதியவர் 1813 ஜனவரி 25 அன்று ஒப்பமிட்டார். ஆயர்களை நியமிப்பதில் திருப்பீடத்துக்கு இருந்த இறுதி உரிமையை அவ்வொப்பந்தம் பறித்தது.

மை உலருமுன்னரே மனச்சான்று அவரை வாட்டத் தொடங்கியது. கர்தினால்கள் கொன்சால்வி, பாக்கா ஆகியோரின் துணையோடு, மார்ச் 24 அன்று தம் கைப்படவே பேரரசருக்கு மறுப்பு மடல் எழுதினார். கர்தினால்களிடமும் அதை அறிவித்தார்.

அச்சமும் வற்புறுத்தலும் குற்றத்தின் பொறுப்பைக் குறைக்கும் என்பது அறநெறி இறையியலின் பாடம். அப்பாடத்தின் நிழலில் அவர் ஒதுங்கியிருக்கலாம், எவரும் குறைகூறியிருக்கமாட்டார். ஆனால், 'நெருக்கினார்கள்' என்று சொல்வது வேறு, 'தவறிவிட்டேன்' என்று சொல்வது வேறு. முன்னது நம்மைக் காக்கும். பின்னது உண்மையைக் காக்கும்.

1814 ஏப்ரலில் இதே அரண்மனையில் நெப்போலியன் முடி துறந்தார். அந்தச் சிறு வட்ட மேசையும் காட்சிக்கு இருக்கிறது. மே 24 அன்று திருத்தந்தை உரோமைக்குத் திரும்பினார். பின்னர் நெப்போலியனின் தாய்க்கு அங்கே அடைக்கலம் தந்தவரும், தொலைதீவில் சிறையிருந்தவரின் துயரைத் தணிக்கப் பரிந்து பேசியவரும் அவரே. தம் தவற்றை ஒத்துக்கொண்டவருக்குப் பிறர் தவற்றை மன்னிப்பது எளிதாகிறது போலும்.

அரண்மனையை விட்டுக் காட்டுப் பாதையில் நடக்கையில் நமக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. முன்னொரு நாள் பங்குப் பேரவையில், கணக்குக் குறைந்ததென்று உபதேசியார் ஒருவரைப் பலர் முன் கடிந்துகொண்டோம். பிழை அவருடையதன்று என ஒரு வாரத்தில் தெரிந்தது. அறைக்கு அழைத்து வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லைங்க சாமி" என்றார். அத்துடன் முடிந்ததென்றிருந்தோம். ஆனால், கடிந்ததைக் கேட்டவர் இருபது பேர். வருத்தம் தெரிவித்ததைக் கேட்டவர் அவர் ஒருவரே. பழி ஊரில் நிற்க, மன்னிப்பு மட்டும் அறைக்குள் நின்றுவிட்டது. அதற்கு நாம் சூட்டிய பெயர் 'குருத்துவத்தின் மாண்பு'. வேட்டை உடைக்கும் அதற்கும் வேறுபாடு என்ன?

ஊர் திரும்பியபின் கூடிய முதல் பேரவையில் எழுந்து நின்று சொன்னோம். நாத்தழுதழுத்தது. உபதேசியார் தலைநிமிரவில்லை, தோளிலிருந்த துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அத்தனை மாதங்கள் அவர் அதைச் சுமந்திருந்தார் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.