விழியும் விளியும்

பெண்குழந்தைக்கு மலரின் பெயரையோ மலரோடு இணைந்த பெயரையோ சூட்டுவது தமிழரிடையே நெடுங்கால வழக்கம். மல்லிகா, செண்பகம், தாமரைச்செல்வி, பூங்கொடி, மலர்விழி என்று அந்த வரிசை நீளும். மலேசியாவில் கிள்ளானை அடுத்த காப்பாரைப் போலத் தோட்டப்புறங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் இப்பெயர்களுள் ஒன்றே வீட்டுக்கு வீடு வேறாக ஒலிப்பதுண்டு. ஆர்க்காடு, தஞ்சை, சேலம் எனப் பல மாவட்டங்களிலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர்களும், இரயில்வே வேலைக்கும் எழுத்தர் வேலைக்கும் வந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் குடியேறிய யாழ்ப்பாணத்தவரும் தத்தம் ஊர் நாவையும் உடன் கொண்டுவந்தார்கள். சூட்டியவர் கருதிய ஒலி மாறிய பின்னும் பெயர் அதே பெயர்தானா என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது.

மலர்விழி என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது ழகரமும், நாவின் விளிம்பு தடித்து அண்ணத்தை வருடும்போது ளகரமும் பிறப்பதாகத் தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்துத் தென்மாவட்டங்களிலும் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடும். வடதமிழகத்துப் பேச்சிலோ அது யகரமாகி, வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகும். ளகரத்தோடு அழைக்கும் பாட்டியின் வாயில் மலர்விழி 'மலர்விளி' ஆகிறாள். விழி என்றால் கண். விளி என்றால் அழைப்பு. மலர் போன்ற கண்ணுடையவள் என்று பெயர் பெற்ற குழந்தை, ஒரே ஓர் எழுத்தின் பிறழ்ச்சியால், மலரின் அழைப்பாகிவிடுகிறாள்.

ஒலியே பெயரின் உயிர் என்று கருதும் மரபு வலுவானது. பிறந்த நட்சத்திரத்தின் பாதத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று பார்ப்பதும், பெயர்சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரை ஓதுவதும் அந்த நம்பிக்கையின் வெளிப்பாடுகளே. பாணினியின் இலக்கணத்துக்கு மகாபாஷ்யம் என்னும் பேருரை எழுதிய பதஞ்சலி, பகைவரை 'ஹே அரய:' என்று விளிக்க வேண்டிய அசுரர்கள் ரகரத்தை லகரமாக்கி 'ஹேலய:' என்று கூவியதால் அழிந்தார்கள் என்னும் பழங்கதையை, இலக்கணம் கற்க வேண்டியதற்குக் காரணமாகக் காட்டுகிறார். மந்திரத்துக்கு இது பொருந்தலாம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பெயருக்கும் அதே கண்டிப்பு தகுமா?

தகாது என்பதற்குப் பக்தி மரபிலேயே சான்று உண்டு. பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் அஜாமிளன் சாகும் தறுவாயில் நாராயணன் என்று கூப்பிட்டது திருமாலை அன்று, தன் கடைசி மகனை. ஆயினும் அந்த அழைப்பே அவனை யமதூதர் கையிலிருந்து மீட்டது. பெயர் யாரை நோக்கிச் சென்றது என்பதைக்கூட அங்கே எவரும் கணக்குப் பார்க்கவில்லை. தமிழ் இலக்கணமோ இன்னும் நெருக்கமான விடையைத் தருகிறது. சொல்லதிகாரத்தில் விளிமரபு என்றே தனியாக ஓர் இயலை வகுத்த தொல்காப்பியர், அழைக்கும்போது பெயரின் ஈறு திரிவதை இயல்பாகவே கொள்கிறார்: நம்பி 'நம்பீ' ஆவதும் நங்கை 'நங்காய்' ஆவதும் பிழையல்ல, வேற்றுமை. அவ்வழியே மலர்விழியும் 'மலர்விழீ' என்று நீள்வாள். எழுதிவைக்கும்போது ஓர் உருவும் வாய்விட்டு அழைக்கும்போது மற்றோர் உருவும் கொள்ளும் பெயரில், அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே உள்ள உறவே முதன்மை பெறுகிறது. அழைப்பது பாட்டி என்று அறிந்து குழந்தை திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பெயர் தன் வேலையை முழுமையாகச் செய்துவிட்டது.

ஆனால் ஊர்வழக்கால் திரிவதும் அறியாமையால் தொலைவதும் ஒன்றல்ல. மலேசியாவில் பிறப்புச் சான்றிதழில் பெயர் ரூமி என்னும் உரோமன் எழுத்தில் பதிவாகிறது. அதில் ழகரத்துக்கு எழுத்தில்லை. 'எல்' இட்டால் விழி, விளி, விலி மூன்றும் ஒன்றாகிவிடும். 'ஸெட்', 'எச்' இரண்டையும் சேர்த்தால் மலாய் ஆசிரியர் 'விஸி' என்று படிப்பார். அவர்மேல் குறையில்லை, சரோஜா என்னும் தாமரைப் பெயரைச் 'செரோஜா' என்றும் சண்பகத்தைச் 'செம்பாக்கா' என்றும் தன் நாவுக்கேற்ப ஏற்றுப் போற்றிவரும் மொழி மலாய். மாறாக, காதில் பெயர் ஓதும் தாய்மாமனே ரூமியில் எழுதிய தாளைப் பார்த்து 'மலர்விலி' என்று வாசித்தால், தன் பெயரில் ஒரு கண் இருக்கிறது என்பதை அந்தக் குழந்தை கேட்டறிய வேறு வாய் இல்லை. பாட்டியின் ளகரம் அவர் பிறந்த ஊரின் தமிழ், அதைத் திருத்த வேண்டியதில்லை; திருத்த வேண்டியது அந்தத் தாளை, அதில் பெயரைத் தமிழில் எழுதி.