ரகசியம் யாருக்குச் சொந்தம்?

இறந்து போனவருடைய ரகசியத்தைத் தெரிந்துகொள்ள, இருப்பவர்களுக்கு உரிமை உண்டா? கதை எழுதுகிறவனிடம் இதைக் கேட்டால், "உண்டு" என்று யோசிக்காமலே சொல்லிவிடுவான். அவன் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. பூட்டிய பெட்டியும் மடித்த கடிதமும் மங்கிய புகைப்படமும் இல்லாவிட்டால் நாவல்களில் பாதி பிறந்தே இராது.

அண்மையில் நான் படித்த ஓர் ஆங்கில நாவலும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். சேனல் கிளீட்டன் எழுதி 2018-இல் வெளிவந்த 'நெக்ஸ்ட் இயர் இன் ஹவானா' என்பது அதன் பெயர். 1959 ஜனவரி முதல் தேதி கியூபாவின் சர்வாதிகாரி பட்டிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. பிறகு லட்சக்கணக்கானவர்கள் கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறினார்கள். 1960 முதல் 1962 வரை 14,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் தனியாக விமானம் ஏற்றி அனுப்பினார்கள் என்றால், அந்த நாட்களின் கலக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம். பாட்டியின் இளமைக் காலமும் பேத்தியின் இன்றைய காலமும் நாவலில் மாறி மாறி வருகின்றன. பாட்டியின் அஸ்தியைப் பிறந்த மண்ணில் தூவ ஹவானா செல்லும் பேத்தி, பாட்டி யாரிடமும் சொல்லாத காதலை அங்கே அறிகிறாள்.

படித்து முடித்ததும் என் மனம் ஹவானாவில் நிற்கவில்லை, ரங்கூனுக்குப் போய்விட்டது. நமக்கும் இப்படி ஒரு கடல் உண்டு, ஓர் அக்கரை உண்டு.

1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வட்டிக் கடை வைத்தவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் நெல் வயலில் கூலி செய்தவர்களுமாகத் தமிழர்கள் அங்கே திரளாக வாழ்ந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசியதும் லட்சக்கணக்கானவர்கள் காட்டையும் மலையையும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். 1952-இல் வந்த 'பராசக்தி' படத்தின் குடும்பமே ரங்கூன் குடும்பந்தானே!

யுத்தம் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கும் நெடுநாள் நிம்மதி கிடைக்கவில்லை. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவை ஆயின. நேற்று வரை முதலாளியாக இருந்தவர் வெறுங்கையுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். சென்னையின் பர்மா பஜாரும் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அவர்கள் கால் ஊன்றிய இடங்கள். இங்கே மனம் ஒட்டாமல் நிலவழியாகவே பர்மாவுக்குத் திரும்பப் புறப்பட்ட சிலரும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற ஊரில் அவர்கள் தங்கிவிட்டார்கள்.

கடையும் பணமும் போன கதையை நாம் கேட்டிருக்கிறோம். அங்கே விட்டுவிட்டு வந்த மனிதர்களைப் பற்றித்தான் பேச்சு இல்லை. மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியே சென்ற ஆண்களில் பலர் பர்மியப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். இது அங்கே அரசியல் பிரச்னையாகி, வேற்று மதத்தாரை மணக்கும் பௌத்தப் பெண்களின் உரிமைகளைக் காக்க 1939-இல் தனிச் சட்டமே வந்தது. 1954-இல் அதற்கு மாற்றாக மற்றொரு சட்டம் வந்தது. இரண்டு முறை சட்டம் செய்யவேண்டி வந்ததென்றால், அந்தக் கண்ணீர் ஓரிரு பெண்களின் கண்ணீராக இருக்க முடியாது.

இந்த நினைவுகளோடு இருந்தபோதுதான், ஆலங்குளத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அன்று. சிவகாசிக்கும் இராஜபாளையத்துக்கும் இடையில் கரிசல் காட்டில், அரசாங்கச் சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஆலங்குளம். அவருடைய தாத்தா 1965-இல் பர்மாவிலிருந்து வந்தவர். காலமாகி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து அவருடைய டிரங்குப் பெட்டி இறங்கியது. நிலப் பத்திரங்களுக்கு அடியில் ஒரு புகைப்படம். கன்னத்தில் தனக்கா பூசிய பர்மியப் பெண் ஒருத்தி. அவள் மடியில் நாலு வயதுச் சிறுவன். கூடவே, வட்ட வட்டமான பர்மிய எழுத்தில் மூன்று கடிதங்கள்.

"பர்மாவிலிருந்து வந்த பெரியவர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். ஆனால் அத்தை விட மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் கதை எழுதுகிறவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, ஐயா?" என்றார் ஆசிரியர்.

அத்தைக்கு எழுபத்தைந்து வயது. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

"எய்யா, அவுக போய்ச் சேந்து எத்தன வருசமாச்சு! பெட்டிக்குள்ள கெடந்தது பெட்டிக்குள்ளயே கெடக்கட்டும். எங்க அம்மை தீப்பெட்டி ஒட்டி எங்கள வளத்தா. அவ பட்ட பாட்டுக்கு, ஊரு வாயில விழாமப் போய்ச் சேந்தா. அதக் கெடுத்துராத."

ஆசிரியரோ உண்மையை அறிவது தம் உரிமை என்கிறார். தம் குடும்பத்தின் கதை தமக்கே பாதிதான் தெரியும் என்பது அவருக்குக் குறையாக இருக்கிறது.

இருவர் பேச்சையும் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. அத்தை குடும்ப மானத்தைச் சொல்கிறார். மருமகன் குடும்ப உண்மையைச் சொல்கிறார். இருவருமே அந்தப் புகைப்படத்தைத் தங்கள் வீட்டுச் சொத்தாக எண்ணுகிறார்கள். படத்தில் இருக்கும் இருவரை யாரும் கேட்கவில்லை. அந்தச் சிறுவன் உயிரோடு இருந்தால் இன்று அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். "என் தகப்பனார் என்ன ஆனார்?" என்ற கேள்வியோடு ஒருவர் அங்கே கிழவராகியிருக்கலாம். அந்தக் கேள்விக்குரிய விடை ஆலங்குளத்தில் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கிறது.

நான் கண்ட இத்தகைய நாவல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகின்றன. அக்கரையில் விடப்பட்டவர், தேடி வரும் பேரப்பிள்ளைக்குப் பழங்கதை சொல்லவே காத்திருந்ததுபோல் வந்து நிற்கிறார். கதை சொல்லி முடிந்ததும் அவர் வேலை முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் அவருக்கும் ஒரு வழக்கு உண்டு.

தாத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவரைக் கப்பலேற்றியது காலம். அந்தப் பெண்ணை அழைத்து வர முயன்றாரோ, முடியாமல் போயிற்றோ, யார் கண்டார்கள்? நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் படத்தைக் காப்பாற்றியவர் அன்பில்லாதவராக இருக்க முடியாது. ஆனால் மூன்று கடிதங்கள் கடல் தாண்டி வந்து சேர்ந்திருக்கின்றன. அவர் காதலித்தார் என்பதற்குப் புகைப்படம் சாட்சி. பதில் எழுதினார் என்பதற்கு அந்தப் பெட்டியில் சாட்சி இல்லை. மனத்துக்குள் வைத்துப் போற்றிய காதல், மடியில் இருந்த பிள்ளைக்குச் சோறு போட்டிராது.

ஆகவே, கடிதங்களைப் படிக்க வேண்டும் என்றே நான் சொன்னேன். அத்தைக்குத் தெரியாமல் படிக்கக் கூடாது. ஊரில் பேச்சாக்கக் கூடாது. அங்கே அந்தத் தாய் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டு, மகனிடம் எதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த மௌனத்தைக் கலைக்க இங்கிருந்து யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தால், கேட்டவர்கள் இன்னும் விடையை நாடினால், அதைச் சொல்லும் கடமை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கடன் பத்திரத்துக்குப் பேரன் பொறுப்பேற்கிறானே, இதற்கு மட்டும் ஏன் கூடாது?

ஆசிரியர் இதை அத்தையிடம் போய்ச் சொன்னாராம். அவர் வெகுநேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப, இவன் எனக்குத் தம்பில்லா?" என்று மட்டும் கேட்டாராம். இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் படம் இப்போது பெட்டியில் இல்லை. அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இத்தகைய பெட்டிகள் எத்தனையோ பரண்களில் இருக்கும். பர்மாவிலிருந்து வந்தவை, இலங்கையிலிருந்து வந்தவை, மலேயாவிலிருந்து வந்தவை. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். இறந்தவருடைய மானத்தைப் பற்றியும் நம்முடைய ஆவலைப் பற்றியும் யோசிக்கும்போது, அந்தக் கடிதத்தை எழுதியவர் எதற்காக எழுதினார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தபால்காரர் கொண்டு வந்து கொடுத்த அன்றே அதற்கு ஒரு பதில் கடன்பட்டுவிட்டது.