இராகேலின் அழுகை

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்னும் பெயரும் உண்டு. அங்கே வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயத்தில் அன்னை மரியா அடைக்கல மாதா எனப் போற்றப்பெறுகிறார். காவல், அடைக்கலம் ஆகிய இரு சொற்களையும் நாம் ஒரே பொருளில் வழங்கிவிடுகிறோம். இரண்டும் ஒன்றுதானா என்னும் ஐயம் எனக்கு 2004 டிசம்பர் 26-க்குப் பின்னரே எழுந்தது.

அன்று திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகள் பல நூறு பேர் மாண்டனர். பேராலயத்தினுள் நீர் புகவில்லை. உள்ளே இருந்தோர் பிழைத்தனர். அன்னையே காத்தார் என்று அவர்கள் நன்றி கூறியது இயல்பன்றோ? அந்த நன்றியை நான் மறுக்கவில்லை.

ஆனால் கடலில் கால் நனைக்கச் சென்ற மகனை அங்கே பறிகொடுத்த ஒரு தாய் என் பங்கில் இருந்தார். சில வாரங்கள் கழித்து அவர் கேட்டார்: "உள்ளே இருந்தவங்கள மாதா காப்பாத்தினாங்கன்னா, வெளியே நின்ன என் பிள்ளையைக் கைவிட்டுட்டாங்களா சாமி?" இளங்குருவாயிருந்த நான், குருமடத்தில் கற்றவாறு இறைத்திட்டத்தைப் பற்றி ஏதேதோ கூறினேன். அவர் மறுமொழி பேசாமல் எழுந்து போனார். அடுத்த பல ஞாயிறுகளில் அவரைக் கோவிலில் காணவில்லை.

பின்னர் ஒருநாள் அந்த ஞாயிற்றின் நற்செய்தியை எடுத்துப் பார்த்தேன். குழந்தை இயேசுவோடு பெற்றோர் எகிப்துக்குத் தப்பியோடும் பகுதி அது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் 13 முதல் 15 வரையும், பின் 19 முதல் 23 வரையும் உள்ள வசனங்களே வாசகத்தில் இருந்தன. பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்படுவதும், பிள்ளைகளை இழந்த இராகேல் ஆறுதலை ஏற்க மறுத்து அழுவதும் விடப்பட்ட மூன்று வசனங்களில்தாம் உள்ளன. (அவை டிசம்பர் 28-இல், மாசில்லாக் குழந்தைகள் விழாவில் வாசிக்கப்பெறுகின்றன என்பது உண்மையே.) தப்பிய குழந்தையையும் தப்பாத குழந்தைகளையும் மத்தேயு அடுத்தடுத்தே வைக்கிறார். இறந்த குழந்தைகள் கடவுளுக்கு வேண்டாதவர்கள் என்று அவர் எழுதவில்லை. இராகேலை அழாதே என்று அடக்கவுமில்லை. அன்று தப்பிய பிள்ளையும் கல்வாரியில் தப்பவில்லை. தாய் அருகே நின்றார்.

வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்குரிய 88-ஆம் திருப்பாடலும் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. துன்பம் அணுகாது தடுப்பது காவல். தடுக்கப்படாத துன்பத்தோடும் கோபத்தோடும் ஒருவர் உள்ளே வந்து அமர இடம் தருவது அடைக்கலம். நாம் பெரும்பாலும் கேட்பது முன்னதை. நமக்கு வாக்களிக்கப்பட்டது பின்னதே என்று எண்ணுகிறேன்.

அந்தத் தாயின் வீட்டிற்குச் சென்றேன். இம்முறை விளக்கம் எதுவும் கூறவில்லை. விடுபட்ட மூன்று வசனங்களை மட்டும் வாசித்தேன்.

"இன்னொரு தடவை வாசிங்க சாமி" என்றார்.