குறை இல்லை எனும் அறிவு

ஒரு வெல்டு உள்ளே முழுமையாக உருகிச் சேர்ந்திருக்கிறதா என்பதை ஐயமற அறிய வேண்டுமானால் அதை அறுத்துப் பார்க்க வேண்டும். அறுத்த வெல்டு பிறகு எதற்கும் உதவாது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்த தொழிற்பகுதியில் இந்தச் சிக்கல் நாள்தோறும் எழுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்களும், ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான் கார்களும், 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகளும் உருவாகின்றன. ஒரு காரின் உடலில் மட்டும் சில ஆயிரம் ஸ்பாட் வெல்டுகள் இருக்கும். அவ்வப்போது ஓர் உடலை வரிசையிலிருந்து எடுத்து, வெல்டு வெல்டாகப் பிய்த்துப் பார்ப்பது கார்த் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம். பிய்த்த உடலைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் அது சாலைக்குப் போகாது. சாலைக்குப் போகும் உடலை யாரும் பிய்த்துப் பார்த்ததில்லை.

காட்சி ஒன்றையே அளவையாக, அதாவது அறியும் வழியாக, ஏற்ற உலகாயதர் இங்கே குறுக்கிடுவார். பிய்த்த உடலில் கண்டதைப் பிய்க்காத உடலின் மேல் ஏற்றிச் சொல்ல உரிமை எங்கிருந்து வந்தது என்பது அவர் கேள்வி. அதே தகடு, அதே மின்னோட்டம், அதே அழுத்தம், ஆகவே அதே விளைவு என்பது தொழிற்சாலையின் பதில். இந்தப் பதில் எலெக்ட்ரோடு முனை தேய்ந்து பரக்காதவரைதான் செல்லும். முனை பரந்தால் மின்னோட்டம் அகன்ற பரப்பில் சிதறும். உருகும் பகுதி சுருங்கும். காரணம் மாறிவிட்டதால் அனுமானமும் சரியும். தருக்க நூல்கள் வியாப்தி என்று சொல்லும் மாறாத் தொடர்பைப் பாடி ஷாப்பில் காப்பது, முனையைச் சீவும் டிரெஸ்ஸர்.

சிதைக்காச் சோதனை இந்த இக்கட்டிலிருந்து வெளியேறும் இன்னொரு வழி. எக்ஸ்ரே, இரிடியம்-192 தரும் காமாக் கதிர், மீயொலி, காந்தத் துகள், சாயம் ஊடுருவல் என அதற்குப் பல முறைகள் உண்டு. மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசல்களை விட்டுவிட்டால், இவற்றில் எதுவும் குறையை நேரே காட்டுவதில்லை. பிலிமில் ஒரு கருமை தெரிகிறது. திரையில் ஓர் எதிரொலி எழுகிறது. அதிலிருந்து உள்ளே இடைவெளி உண்டு என்று முடிவு செய்வது புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற அனுமானம். குறை உண்டு என்ற முடிவில் தத்துவச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் குறை இல்லை என்றே சொல்கின்றன. கருமை இல்லை, எதிரொலி இல்லை, ஆகவே குறை இல்லை. ஒன்றும் காணாததிலிருந்து பிறக்கும் இந்த அறிவு எவ்வகை அறிவு?

இந்தக் கேள்வி இந்த மண்ணுக்குப் பழையது. மணிமேகலையின் சமயக் கணக்கர் காதை, வியாசர் பத்து அளவைகளையும் கிருதகோடி எட்டையும் சைமினி ஆறையும் கொண்டதாகச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று அபாவம், அதாவது ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. அதே காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கம் கற்பிக்கும் ஊர் காஞ்சி. இன்று ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அடங்கிய மாவட்டத்தின் தலைநகர் அதுவே. பின்னாளில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் அபாவத்தை எண்ணிச் சொல்லி, அளவைகள் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்றது.

இன்மையை அறிவது தனி அளவை என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். அது காட்சியில் அடங்கும் என்றனர் நியாய மரபினரான நையாயிகர். 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தருமகீர்த்தி அதை அனுமானத்தில் சேர்த்து, கூடவே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில் மட்டுமே, அது தெரியாதது அதன் இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சம் உள்ள தரையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. அதே தரையில் பிசாசு தெரியவில்லை என்றால் எதுவும் முடிவாகாது. ஐயம் மட்டுமே மிஞ்சும். அளவை எத்தனை என்ற வழக்கில் யார் வென்றார்கள் என்பது வெல்டைச் சோதிக்கும் ஆய்வாளருக்குத் தேவையில்லாத செய்தி. இந்த நிபந்தனை இல்லாமல் அவரால் ஒரு கையெழுத்தும் போட முடியாது.

வெல்டுக்குள் இருக்கும் விரிசல் குடமா, பிசாசா? விடை விரிசலைவிடத் தேடும் முறையைச் சார்ந்தது. கதிர்ப்படத்தில் கன அளவு உள்ள குறைகள், அதாவது காற்றுக் குமிழும் கசடும், எளிதில் தெரியும். கதிர் வரும் திசைக்குக் குறுக்காகப் படுத்திருக்கும் மெல்லிய பிளவு, கதிர் கடக்கும் உலோகத்தின் தடிமனை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. பிலிமில் அதன் தடம் விழாது. மீயொலிக்கு நிலைமை ஏறக்குறைய நேர்மாறு. ஒலிக்கற்றை செங்குத்தாகப் போய் மோதும் தட்டையான பிளவு உரத்த எதிரொலி தரும். சிறு உருண்டைக் குமிழ் ஒலியை நாலாபுறமும் சிதறடித்து அடங்கிவிடும். ஒரு முறைக்குக் குடமாக இருப்பது இன்னொன்றுக்குப் பிசாசு.

தருமகீர்த்தியின் நிபந்தனைக்கு ரேடியோகிராபி கண்டுபிடித்த பருப்பொருள் வடிவம் பெனட்ராமீட்டர். தடிமன் தெரிந்த மெல்லிய கம்பிகளை வெல்டின் மேல் வைத்துப் படம் எடுக்கிறார்கள். 20 மி.மீ. எஃகில் 0.4 மி.மீ. கம்பி பிலிமில் தெரிந்தால் அந்தப் படத்தின் நுண்மை 2 விழுக்காடு. கம்பி தெரிகிறது, ஆகவே அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டும் தகுதி இந்தப் படத்துக்கு உண்டு. கம்பியே தெரியாத பிலிமில் வெல்டு எவ்வளவு தூய்மையாகத் தோன்றினாலும் அது எதற்கும் சான்றில்லை. கம்பியின் வாதத்துக்கும் எல்லை உண்டு என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. அது படத்தின் தெளிவை நிறுவுகிறது. சாய்ந்து கிடக்கும் பிளவு தெரிந்திருக்கும் என்பதை நிறுவவில்லை.

இருந்தும் தெரியாமல் போவதற்கான காரணங்களை ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை எட்டாக வகுத்தது: மிகு தொலைவு, மிகு அண்மை, புலன் பழுது, மனம் சிதறல், நுண்மை, மறைப்பு, மிகுந்ததால் அமுக்கப்படுதல், ஒத்தவற்றுடன் கலத்தல். மீயொலிச் சோதனையின் பாடநூலில் இதை அப்படியே முதல் பக்கமாக வைக்கலாம். மிகு அண்மையை எடுத்துக்கொள்வோம். இங்கே அது கண்கூடு. ஒலியை அனுப்பும் புரோபின் அடியில் சில மில்லிமீட்டர் ஆழம் வரை, அனுப்பிய துடிப்பின் அதிர்வே அடங்காமல் இருக்கும். அங்குள்ள குறையின் எதிரொலி அதில் மூழ்கிப்போகும். ஒலியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய குறை நுண்மையால் தப்பும். ஒத்தவற்றுடன் கலத்தலுக்கு ஆஸ்டெனிடிக் துருப்பிடிக்கா எஃகு நல்ல சான்று. அதன் வெல்டில் பருத்த படிகங்கள் ஒவ்வொன்றும் சிறு எதிரொலி தரும். அந்த இரைச்சலுக்கு நடுவே பிளவின் குரலைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளரின் கிட்டப்பார்வையைச் சோதிக்கும் விதி புலன் பழுதுக்கான காப்பு. மனம் சிதறலுக்கு இவ்வளவு உறுதியான காப்பு வகுப்பது கடினம்.

ஸ்பாட் வெல்டில் சிக்கல் இன்னும் நுட்பமானது. இரண்டு தகடுகள் உருகாமலே இறுக ஒட்டிக்கொண்டால் அவற்றுக்கிடையே ஒலி தடையின்றிக் கடக்கும். இடைவெளியைத் தேடும் ஆய்வு இடைவெளி இல்லை என்று உண்மையையே சொல்லும். இணைப்போ ஓர் உளி நெம்பலில் பிரிந்துவிடும். எனவே தேர்ந்தவர்கள் எதிரொலி வரிசை எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று பார்க்கிறார்கள். உருகி உறைந்த உலோகத்தின் பருத்த படிக அமைப்பு ஒலியைத் தேய்க்கும். வெறுமனே ஒட்டிய தகட்டில் எதிரொலி நீண்டு ஒலிக்கும். அங்கே தேடப்படுவது குறையின் இன்மையன்று, உருகலின் இருப்பு.

1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் மரபு இதற்கு நெருங்கிய ஒரு கொள்கையை உடையது. இன்மை என்று தனியாக ஒரு பொருள் இல்லை. குடத்தின் இன்மை என்பது வெறுந்தரை என்ற மற்றொரு நிலைதான் என்று விசிட்டாத்துவைதம் எனும் அந்த மரபு கொள்ளும். இதைப் பின்பற்றினால், குறை இல்லை என்று எழுதுவதைவிட உருகிய பகுதியின் விட்டம் இவ்வளவு, ஊடுருவல் இவ்வளவு என்று எழுதுவது மேல். எதிர்மறை அறிக்கையில் தேடலின் போதாமை ஒளிந்துகொள்ளும். அளந்து எழுதிய அறிக்கையில் அதற்கு இடம் குறைவு. எல்லா வெல்டுக்கும் இது இயலாது என்பதும் உண்மை. தடித்த தகட்டின் வெல்டில் இன்னும் எதிர்மறையே கைவசம் உள்ளது.

பிழையான அறிவு பற்றியும் இராமானுசர் தெளிவான நிலை எடுத்தார். சிப்பியை வெள்ளியாகக் காண்பவனும் முழுப் பொய்யைக் காணவில்லை. சிப்பியில் உள்ள வெள்ளியின் கூறு மட்டும் தென்பட, எஞ்சியது தென்படாமல் போகிறது. வெல்டின் அடிப்பகுதிப் புடைப்பிலிருந்து வரும் எதிரொலியைப் பிளவு என்று குறித்துவிடும் புது ஆய்வாளரின் நிலை இதுவே. எதிரொலி மெய், கற்றை சென்ற பாதையும் புடைப்பின் இடமும் கணக்கில் வராததுதான் பிழை. இந்தப் பிழை தீங்கற்றதன்று. நல்ல வெல்டைக் குடைந்து மறுபடி நிரப்பும்போது உலோகம் மீண்டும் சூடேறுகிறது. இல்லாத குறையைத் திருத்தப் போய் உண்மையான குறை உருவாகலாம்.

அறிக்கை ஆய்வாளரின் கையை விட்டு அகன்றதும் அது மூன்றாம் அளவையான உரை ஆகிறது. லாரி ஓட்டுபவர் பிலிமைப் பார்ப்பதில்லை, கையெழுத்தை நம்புகிறார். பொருளை உள்ளபடி அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புபவரே ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், என்பது நையாயிகர் கொள்கை. இரண்டாம் பகுதியில்தான் தொழில் தடுமாறுகிறது. அமெரிக்காவில் தோன்றி இந்தியாவிலும் பரவலாக வழங்கும் எஸ்என்டி-டிசி-1ஏ முறையில் ஆய்வாளருக்குத் தகுதிச் சான்று தருபவர் அவருடைய முதலாளி. ஐஎஸ்ஓ 9712 முறையில் வெளியிலுள்ள சுதந்திரமான அமைப்பு. அனுப்பவேண்டிய சரக்கு வாசலில் காத்திருக்கும் நாளில் இந்த வேறுபாட்டின் எடை தெரியும்.

நையாயிகர் இன்மையை நான்காகப் பிரித்தனர். அவற்றுள் முன்னின்மை என்பது ஒரு பொருள் தோன்றுமுன் உள்ள இன்மை. உயர்வலிமை எஃகில் ஹைட்ரஜன் ஏற்படுத்தும் விரிசல் வெல்டு ஆறிய பின் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். சூடு தணிந்தவுடன் செய்த சோதனை குறை இல்லை என்று சொன்னால், அந்த நேரத்துக்கு அது முழு உண்மை. இதனாலேயே இவ்வகை எஃகுக்குச் சில விதிநூல்கள் வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் காத்திருந்து சோதிக்கச் சொல்கின்றன. ஓடும் வண்டியில் சுமை ஏறி இறங்குவதால் பிறக்கும் களைப்பு விரிசல் எந்த 48 மணி நேரத்துக்கும் கட்டுப்படாது. அதற்காகவே பாலம், கொதிகலன், விமானம் ஆகியவற்றில் குறித்த இடைவெளிகளில் மறுசோதனை செய்கிறார்கள். ஒருமுறை வாசலைக் கடந்த காரின் ஸ்பாட் வெல்டுகளை, விபத்து நேர்ந்து பழுது பார்த்தால் ஒழிய, எவரும் மறுபடி தேடுவதில்லை.